ஃபாரோ தீவுகளில் தேனிலவு: மழையைப் பார்த்துப் பயப்பட வேண்டாம், பட்டியலைப் பார்த்துப் பயப்படுங்கள்

ஜூன் மாதம், எட்டு நாள், கல்யாணமான கையோடு, வட அட்லாண்டிக் கடலில் இருக்கும் ஃபாரோ தீவுகளில் வாடகைக் கார் எடுத்துச் சுற்றப் போகிறீர்கள். ஏழு இரவுக்கு ஆறு ஊர் என்று பட்டியல் போட்டு, அது சரியாக வருமா, மழை எல்லாவற்றையும் கெடுத்துவிடுமா, குடை எடுத்துப்போனால் போதுமா என்று மூன்று கேள்வி கேட்டிருக்கிறீர்கள். நான் டென்மார்க் தலைநகர் கோபன்ஹேகனில் வேலை பார்க்கிறேன். நானும் என் கணவரும் அந்தத் தீவுகளுக்கு நான்கு முறை போய்வந்திருக்கிறோம். முதல் முறை எங்களுக்கும் அது தேனிலவுதான். நாங்களும் இதே மாதிரி ஒரு பட்டியலோடுதான் போனோம். மூன்றாம் நாள் காலையில் அதைக் கிழித்துப் போட்டோம். அதனால் சுருக்கமான பதில்: போங்கள், மழை கெடுக்காது, பட்டியல்தான் கெடுக்கும்.

முதலில் மழை. தலைநகர் டோர்ஷாவ்னில் வருடத்துக்கு ஏறக்குறைய 1300 மி.மீ. மழை. சென்னையில் பெய்வது 1400 மி.மீ. அளவு. கணக்குப் பார்த்தால் சென்னையில்தான் அதிகம்! ஆனால் சென்னையில் அதில் பெரும்பகுதி ஐப்பசி, கார்த்திகையில் கொட்டித் தீர்த்துவிட்டுப் போய்விடும். அங்கே தீர்வதே இல்லை. வருடத்தில் இருநூறு நாளுக்கு மேல் ஏதாவது ஒரு நேரத்தில் நசநசவென்று தூறிக்கொண்டே இருக்கும். நடுவில் பத்து நிமிஷம் பளிச்சென்று வெயில், அப்புறம் மறுபடி தூறல். ஜூனில்கூடப் பகல் வெப்பம் பத்து, பன்னிரண்டு டிகிரிதான். ஊட்டியில் டிசம்பர் மாதம் சாரலில் நிற்பது போல என்று வைத்துக்கொள்ளுங்கள், கூடவே கடற்காற்று.

இதில் ஒரு சூட்சுமம் இருக்கிறது. அது பிடிபட்டுவிட்டால் பாதிப் பயணம் சரியாகிவிடும். மொத்தம் 18 தீவுகள், எல்லாம் சேர்ந்து 1400 சதுர கிலோமீட்டர்தான். எங்கே நின்றாலும் கடல் ஐந்து கிலோமீட்டருக்குள். ஆனால் ஒவ்வொரு தீவும் கடலிலிருந்து செங்குத்தாக எழுந்த மலை. ஈரக்காற்று எந்தப் பக்கம் மோதுகிறதோ அந்தப் பக்கம் மேலேறிக் குளிர்ந்து மழையாகிறது. மறுபக்கம் காய்ந்து கிடக்கிறது. மேற்குத் தொடர்ச்சி மலையில் கேரளப் பக்கம் கொட்டும்போது நம் பக்கம் காய்கிறதே, அதே கதைதான். நம்மூரில் நூறு கிலோமீட்டரில் நடப்பது அங்கே பத்துக் கிலோமீட்டரில் நடந்துவிடும். தென்மேற்குக் காற்று வீசினால் வடகிழக்குத் தீவுகளுக்குக் காரை விடுங்கள். வடக்கிலிருந்து வீசினால் தெற்கே திருப்புங்கள். எல்லா நாளும் பலிக்காது. ஆனால் பல நாள் பலிக்கும்.

அதனால்தான் பட்டியல் ஆகாது என்கிறேன். இன்று ஜெக்வ், நாளை கிளாக்ஸ்விக், மறுநாள் சாக்சுன் என்று அறைகளுக்குப் பணம் கட்டிவிட்டால், மழை எங்கே இருக்கிறதோ அங்கேயே போய் நிற்பீர்கள். அந்த ஊரில் யாரைக் கேட்டாலும் 'கான்ஸ்கா' என்பார்கள். 'பார்க்கலாம், இருக்கலாம்' என்று அர்த்தம். இரண்டாம் உலகப் போரில் 1940இல் அங்கே வந்திறங்கிய பிரிட்டிஷ் சிப்பாய்கள் இதைக் கேட்டுக் கேட்டு அலுத்து, 'இருக்கலாம் தேசம்' என்றே தீவுகளுக்குப் பேர் வைத்தார்களாம். படகு நாளைக்குப் போகுமா? கான்ஸ்கா.

நான் சொல்லும் ஏற்பாடு இது. ஐந்து இரவு ஒரே வீட்டில் தங்குங்கள். ஸ்ட்ரேமோய், எஸ்டுரோய் என்ற இரண்டு பெரிய தீவுகளைப் பிரிக்கும் குறுகலான கடல்கால்வாயை ஒட்டி ஏதாவது ஒரு கிராமம், அல்லது டோர்ஷாவ்ன். கடைசி இரண்டு இரவு விமான நிலையம் இருக்கும் வாகர் தீவில். இதில் முதல் வீடு எங்கே என்பது அவ்வளவு முக்கியமில்லை, ஏனென்றால் தூரமே கிடையாது. டோர்ஷாவ்னிலிருந்து கிளாக்ஸ்விக்குக் கடலடிச் சுரங்கம் வழியாக நாற்பது நிமிஷம் ஆகாது. ஜெக்வ் ஒரு மணி நேரம். காலையில் எழுந்து காபி போட்டுக்கொண்டு, சாலைத் துறையான லாண்ட்ஸ்வெர்க்கின் இணையதளத்தில் சாலையோரக் கேமராக்களைப் பாருங்கள். எந்தக் கணவாயில் மேகம் இறங்கியிருக்கிறது, எங்கே சாலை காய்ந்திருக்கிறது, காற்று எவ்வளவு வேகம் என்று எல்லாம் தெரியும். அன்றைய திட்டம் அங்கேயே முடிவாகிவிடும்.

ஜூனில் இன்னொரு வசதி உண்டு. இரவு பதினொன்று தாண்டியும் வெளிச்சம் இருக்கும். பகல் முழுக்க அடித்துப் பெய்தாலும் பொழுது கையில் இருக்கிறது. எங்களுக்கு ஒருநாள் காலையிலிருந்து ஜன்னலே தெரியாத மழை. மத்தியானம் தூங்கி எழுந்து சீட்டாடினோம். இரவு ஒன்பது மணிக்கு வானம் திறந்தது. சாப்பாட்டை டப்பாவில் போட்டுக்கொண்டு காசடாலூருக்குக் கிளம்பிவிட்டோம். மூலாஃபொஸூர் என்ற அருவி பாறை விளிம்பிலிருந்து நேரே கடலில் விழும் இடம் அது. பகலில் போனால் பேருந்துக் கூட்டம் நிற்கும். அன்றைக்கு இரவு பத்து மணிக்கு நாங்கள் இரண்டு பேர், நாலைந்து ஆடு. எதிர்க்காற்று அடித்ததால் அருவி பாதி கீழே விழுந்தது, பாதி மேலே பறந்து எங்கள் முகத்தில் தெறித்தது. புளியோதரை சாப்பிட்டபடி அதைப் பார்த்தோம். நாள் முழுக்க மழை பெய்ததால்தான் அருவியில் அவ்வளவு தண்ணீர். இதை யாரும் உங்களுக்குச் சொல்லியிருக்க மாட்டார்கள்: நல்ல மழைக்குப் பிறகு ஒவ்வொரு மலைச்சரிவிலும் பேரில்லாத அருவிகள் முளைக்கும். நான்கு நாள் வெயிலடித்தால் அவை எல்லாம் மறைந்துவிடும்.

காசடாலூரைப் பற்றி இன்னொன்று. இருபது பேர்கூட இல்லாத ஊர். 2004இல் மலையைக் குடையும்வரை அங்கே கார் போக வழி கிடையாது. தபால்காரர் மலையேறி இறங்கித்தான் கடிதம் கொடுத்தார். அந்தப் பழைய பாதை இன்னும் இருக்கிறது. மழையில்லாத நாளில் நடக்கலாம். செங்குத்து, கால் வழுக்கும், நிதானம் வேண்டும்.

விசாவை இப்போதே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் பலர் கோட்டை விடுவது இங்கேதான். ஃபாரோ தீவுகள் டென்மார்க் முடியரசின் கீழ் இருந்தாலும் 1948 முதல் சுயாட்சி. ஐரோப்பிய ஒன்றியத்திலும் இல்லை, ஒரே விசாவில் பல ஐரோப்பிய நாடுகளுக்குப் போக உதவும் ஷெங்கன் ஏற்பாட்டிலும் இல்லை. சாதாரண ஷெங்கன் விசா அங்கே செல்லாது. டென்மார்க் விசாவுக்கு விண்ணப்பிக்கும்போதே ஃபாரோவுக்கும் போகிறோம் என்று எழுதி, ஸ்டிக்கரில் ஃபாரோ தீவுகளுக்கும் செல்லுபடியாகும் என்ற குறிப்பு இருக்கிறதா என்று கையில் வாங்கியதும் பாருங்கள். கோபன்ஹேகனிலிருந்து விமானம் இரண்டு மணி நேரம்தான். ஆனால் மூடுபனி இறங்கினால் வாகரில் விமானம் இறங்காது, ஏறாது. ஆகவே திரும்பும்போது கோபன்ஹேகனில் ஒருநாள் இடைவெளி விடாமல் இந்தியாவுக்கு டிக்கெட் போடாதீர்கள்.

சரி, கார். வலதுபக்கம் ஓட்டும் ஊர். சர்வதேச ஓட்டுநர் அனுமதியைக் கையோடு எடுத்துப்போங்கள். ஊருக்குள் 50, வெளியே 80, அதற்கு மேல் ஓட்டக் கூடாது. ஓட்டவும் முடியாது, வளைவும் ஆடும் விடாது. ஐம்பத்து நாலாயிரம் பேர் வாழும் தேசத்தில் எழுபதாயிரம் ஆடு இருக்கிறது. வேலியெல்லாம் ஒப்புக்குத்தான். ஒரு ஆடு சாலையைக் கடந்தால் உடனே வேகத்தைக் கூட்டாதீர்கள். அதன் குட்டி இந்தப் பக்கமே நிற்கும், தாய் கத்தியதும் பாயும். இடித்துவிட்டால் போலீஸுக்குச் சொல்லியே ஆக வேண்டும், ஆட்டுக்காரருக்கு நஷ்டஈடும் தர வேண்டும்.

சுரங்கங்கள் இரண்டு வகை. கடலுக்கு அடியில் போகும் புதிய சுரங்கங்கள் அகலமானவை, வெளிச்சமானவை. 2020 டிசம்பரில் திறந்த எஸ்டுரோய் சுரங்கம் 11 கிலோமீட்டருக்கு மேல் நீளம், கடல்மட்டத்துக்குக் கீழே 187 மீட்டர் வரை இறங்குகிறது. நடுவில் ஒரு ரவுண்டானா. கடலுக்கு அடியில் கட்டப்பட்ட முதல் ரவுண்டானா அதுதான். நடுத்தூணைச் சுற்றிக் கைகோத்து நிற்கும் மனித உருவங்களை ட்ரோண்டூர் பாதுர்சன் என்ற உள்ளூர்க் கலைஞர் வடித்திருக்கிறார். நீலமும் பச்சையுமாக விளக்கு. நாங்கள் மூன்று முறை சுற்றினோம். எல்லாரும் சுற்றுகிறார்கள், வெட்கப்பட வேண்டாம். 2023 டிசம்பரில் சாண்டோய் தீவுக்கும் இப்படி ஒரு சுரங்கம் திறந்துவிட்டார்கள். இவற்றுக்கெல்லாம் கட்டணம் உண்டு. வாடகையிலேயே அடங்குமா, தனியா என்று காரை எடுக்கும்போதே கேளுங்கள்.

இரண்டாவது வகை பழைய மலைச் சுரங்கங்கள். ஒரே ஒரு தடம், உள்ளே இருட்டு, எதிரே வண்டி வரும். ஒரு பக்கச் சுவரில் மட்டும் சற்று இடைவெளி விட்டு விட்டு ஒதுங்குமிடம் வெட்டியிருப்பார்கள். அது உங்கள் வலப்பக்கம் வந்தால் நீங்கள்தான் ஒதுங்கி வழிவிட வேண்டும். இடப்பக்கம் வந்தால் எதிரே வருபவர் ஒதுங்குவார், நீங்கள் நிதானமாகப் போய்க்கொண்டே இருக்கலாம். தூரத்தில் முகப்பு விளக்கு தெரிந்ததுமே பக்கத்தில் இருப்பதில் நுழைந்துவிடுங்கள். இன்னும் ஒன்று தாண்டிப் போகலாம் என்று நினைத்தால் நடுவழியில் மூக்கும் மூக்கும் மோதி நிற்க நேரும். கொல்லிமலைக் கொண்டை ஊசி வளைவுகளில் ஓட்டியவர்களுக்கு இதெல்லாம் பெரிய விஷயமே இல்லை.

உண்மையான ஆபத்து காற்று, அதுவும் காரின் கதவில். ஜெக்வில் வண்டியை நிறுத்திவிட்டு நான் கதவைத் திறந்தேன். "ஏங்க, கேமரா பையை எடுங்க" என்று சொல்லி வாய் மூடவில்லை, கைப்பிடி என் விரலிலிருந்து பறந்தது. கதவு முன்பக்கமாக மடங்கி, கீல் 'மடக்' என்றது. அப்புறம் அந்தக் கதவு சரியாக மூடவே இல்லை. கயிறு கட்டி ஓட்டினோம், கயிற்று வழியே மழை உள்ளே வந்தது, அவருடைய இடது தோள் எட்டு நாளும் காயவில்லை. காப்பீட்டில் காற்றால் ஆன சேதம் சேராது என்று ஒப்பந்தத்தில் பொடி எழுத்தில் இருந்ததாம். தப்பு என்னுடையது, படிக்கவில்லை. நீங்கள் வண்டியின் மூக்கு காற்றைப் பார்க்க நிறுத்துங்கள். ஒரு நேரத்தில் ஒரு கதவு மட்டும், இரண்டு கையாலும் பிடித்துத் திறங்கள்.

ஜெக்வ் என்றேன். எழுத்தில் பார்த்தால் க்யோக்வ் மாதிரி இருக்கும், அப்படிச் சொன்னால் ஒருவருக்கும் புரியாது. பாறை இரண்டாகப் பிளந்து கடல் உள்ளே வந்து நிற்கும் ஓர் இடுக்கு, அதுவே அந்த ஊரின் துறைமுகம். அங்கே போகும் வழியில், 880 மீட்டர் உயரமுள்ள ஸ்லாட்டராடிண்டூர் என்ற உச்சியின் தோளில் ஏறி இறங்கும் சாலைதான் எனக்கு எல்லாவற்றிலும் பிடித்தது. மலைகள் படிக்கட்டு படிக்கட்டாக இருப்பதைக் கவனியுங்கள். ஒவ்வொரு படியும் ஒரு காலத்து எரிமலைக் குழம்பு. மகாராஷ்டிரத்து மலைகளும் இதே மாதிரிப் படிகள்தான். தக்காணத்துப் பாறைக்கு இருக்கும் 'ட்ராப்' என்ற பெயரே ஸ்காண்டிநேவிய மொழியில் படிக்கட்டு என்ற சொல்லிலிருந்து வந்தது.

உங்கள் பட்டியலில் கால்சோய் தீவு இல்லை. சேர்த்துக்கொள்ளுங்கள். கிளாக்ஸ்விக்கிலிருந்து படகில் இருபது நிமிஷம். சின்னப் படகு, பத்துப் பதினைந்து கார் ஏறினாலே நிறைந்துவிடும். முதல் படகுக்கு ஒரு மணி நேரம் முன்பே வரிசையில் நிறுத்துங்கள். இல்லையென்றால் காரை இக்கரையிலேயே விட்டுவிட்டு ஏறுங்கள். அக்கரையில் பேருந்து காத்திருக்கும். நீளமான ஒல்லித் தீவு, வரிசையாகச் சுரங்கம். உள்ளூரில் அதைப் புல்லாங்குழல் என்கிறார்கள். கடைசி ஊர் ட்ரொல்லானஸ். அங்கிருந்து சேற்றில் ஒரு மணி நேரம் நடந்தால் காலூர் கலங்கரை விளக்கம். கலங்கரை விளக்கத்தை ஒட்டி ஒரு கத்தி முனை போன்ற முகடு இருக்கிறது. படம் எடுக்க எல்லாரும் அதன்மேல் போவார்கள். காற்றடிக்கும் நாளில் போகாதீர்கள், புதுமணத் தம்பதிக்கு இது கட்டளை.

திரும்பும் வழியில் மிக்லடாலூரில் இறங்கிக் கடல்முகத்துக்குப் போனால், அலை அடிக்கும் பாறைமேல் ஒரு பெண் சிலை. 2.6 மீட்டர் உயரம், 2014இல் வைத்தது. கையில் ஒரு சீல் தோலைப் பிடித்திருப்பாள். சீல் என்றால் கடலில் வாழும் கடல்நாய். கதை இதுதான். வருடத்தில் ஒரே ஒரு இரவு சீல்கள் கரையேறி, தோலைக் கழற்றி வைத்துவிட்டு மனிதர்களாக ஆடுமாம். ஊர்க்காரன் ஒருவன் அழகான ஒருத்தியின் தோலை ஒளித்துவைத்து, அவளை வீட்டுக்குக் கூட்டிப்போய் மனைவியாக்கிக்கொண்டான். தோல் பெட்டிக்குள், சாவி இடுப்பில். பிள்ளைகளும் பிறந்தன. ஒருநாள் மீன்பிடிக்கப் போனவன் சாவியை மறந்து வீட்டில் வைத்துவிட்டான். திரும்பி வந்தால் அடுப்பு அணைந்திருக்கிறது. பிள்ளைகள் நெருப்பில் விழுந்துவிடக் கூடாதே என்று அணைத்துவிட்டுப் போயிருக்கிறாள். கத்தியெல்லாம் எட்டாத இடத்தில் எடுத்து வைத்திருக்கிறாள். அவள் கடலுக்குப் போய்விட்டாள். பிறகு அவன் அவளுடைய கடல் கணவனையும் குட்டிகளையும் வேட்டையில் கொன்றுவிட, இந்த ஊர் ஆண்கள் கடலில் மூழ்கியும் மலையிலிருந்து விழுந்தும் சாவார்கள், தீவைச் சுற்றிக் கைகோத்து நிற்கும் அளவுக்குச் சாவார்கள் என்று சபித்தாளாம். தேனிலவில் கேட்கிற கதையா என்று நினைக்காதீர்கள். அந்த அடுப்பை அணைத்துவிட்டுப் போன இடத்தில் என்னவர் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார்.

மற்றவற்றை விரைவாகச் சொல்கிறேன். சாக்சுனில் கடற்கழியை ஒட்டிக் கடல்வரை நடக்க வேண்டுமானால் நீர் வற்றும் நேரம் பார்த்துப் போங்கள். ட்யோர்னுவிக்கில் கறுப்பு மணல், எதிரே கடலில் இரண்டு பாறைத் தூண்கள். ஃபாரோவை ஐஸ்லாந்துக்கு இழுத்துப்போக வந்து, விடிந்ததும் கல்லாகிப்போன அரக்கனும் அரக்கியும் என்பார்கள். பஃபின் பறவைகளைப் பார்க்க மிச்சினஸ் தீவுக்குப் படகு முன்பதிவு செய்யலாம், ஆனால் அலை பெரிதானால் ரத்து. அதைப் பயணத்தின் முதல் பாதியில் போடுங்கள், தவறினால் இன்னொரு நாள் கிடைக்கும். நடைபாதைகள் பல தனியார் நிலத்தில் இருப்பதால் ஆளுக்கு 200 குரோனர் அளவில் கட்டணம் கேட்கும் இடங்கள் உண்டு, முணுமுணுக்காமல் கட்டிவிடுங்கள். கோடையில் எங்காவது விரிகுடாவில் திமிங்கில வேட்டை நடந்தால் கடல் சிவந்திருக்கும். தாங்காதென்றால் அந்தப் பக்கம் போகாதீர்கள். அங்கே நின்று ஊர்க்காரர்களோடு வாதம் பண்ணவும் வேண்டாம்.

சாப்பாடு: நீங்கள் சைவம் என்பதால் சமையலறை உள்ள வீடு கட்டாயம். உள்ளூர்ச் சாப்பாடு என்றால் மீனும் ஆட்டுக்கறியும்தான். இறைச்சியைப் பலகை இடைவெளி விட்ட கொட்டகையில் தொங்கவிட்டு மாதக்கணக்கில் காற்றிலேயே பதப்படுத்துகிறார்கள். நம்மூர்க் கருவாட்டுக் கடையைக் கடப்பது போல ஒரு வாசனை. பருப்பு, புளிக்காய்ச்சல், ரசப்பொடி கொண்டுபோங்கள். கடையில் அரிசி, உருளை, தயிருக்குப் பதில் ஸ்கீர் கிடைக்கும். ஸ்கீரில் கொஞ்சம் பால் விட்டுப் பிசைந்தால் தயிர்சாதம் ஏமாற்றாது. ஞாயிற்றுக்கிழமை பல கடைகள் மூடியிருக்கும், சனிக்கிழமையே வாங்கிவிடுங்கள். உள்ளூர்க் குரோனா நோட்டும் டென்மார்க் குரோனரும் ஒரே மதிப்பு, ஆனால் உள்ளூர் நோட்டை வெளியே கடைகளில் பெரும்பாலும் வாங்க மாட்டார்கள், ஊருக்குத் திரும்புமுன் செலவழித்துவிடுங்கள்.

கடைசிக் கேள்வி, குடை. வேண்டாம். நான் கொண்டுபோனேன். அம்மா சீராகக் கொடுத்த மூன்று மடிப்புக் குடை. எய்டி ஊருக்கு மேலே உள்ள காட்சிமுனையில் விரித்தேன், ஒரு நொடியில் தாமரை மாதிரி மேல்நோக்கிப் பூத்தது. அடுத்த நொடி கையில் பிடி மட்டும் இருந்தது. துணியும் கம்பியும் ஆட்டுக்கூட்டத்துக்கு நடுவில் உருண்டு போனது. ஆடு தின்றுவிட்டால் என்ன பண்ணுவது என்று இரண்டு பேரும் அரை மணி நேரம் சேற்றில் துரத்தினோம். அவர் விழுந்தார், நான் சிரித்தேன், அப்புறம் நானும் விழுந்தேன். மேலுக்கும் காலுக்கும் தனித்தனியாக நல்ல ரெயின்கோட், கணுக்கால் வரை ஏறும் ஷூ, ஆளுக்கு ஆறு ஜோடி கம்பளி சாக்ஸ். ஈரமான ஜோடியைக் காரின் ஹீட்டர் வாயில் மாட்டிவிடுங்கள், அடுத்த ஊர் வருவதற்குள் காய்ந்துவிடும்.